குற்றவாளியா? சாட்சியா?

தோழர்களே! நம் தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலுக்குள் என்றேனும் சென்று பார்த்ததுண்டா? அங்கே 13ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்துகள் கல்லில் நிற்கின்றன. கோயிலுக்குக் கொடை விட்ட செய்தியைச் சொல்லும் ஆணைகள் அவை. ஆணையிட்ட அரசு இன்றில்லை. அதற்குப் பணிந்து நடந்தவர்களும் இல்லை. எழுத்து மட்டும் இருக்கிறது.

அத்தகைய கல்வெட்டு நம் உடம்பிலும் உண்டு. பல இலட்சம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரின் கருவணுக்களில் புகுந்த வைரசுகள், தங்கள் மரபெழுத்தை அங்கேயே பொறித்துவிட்டன. தந்தை வழியும் தாய் வழியுமாக அது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 2001இல் மனித மரபுத்தொகுதியின் முதல் வரைவு வெளிவந்தபோது, அதில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு இந்தப் பழைய வைரசு எழுத்தே என்று தெரிந்தது. புரதங்களை ஆக்கும் பகுதியோ நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை!

இதை இன்று ஏன் எழுதுகிறேன்? எங்கள் தெருவில் ஓர் அத்தை, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார். அவருக்கென்று தனித் தம்ளர், தனித் தட்டு வைத்தார்கள். வைக்கச் சொன்னவர் படிக்காத பாட்டியல்லர். கல்லூரியில் படிக்கும் மகன். “புற்றணுக்களுக்குள் வைரசு விழித்துக்கொள்கிறதாம், எங்கோ படித்தேன்” என்றான். அரைகுறையாகப் படித்ததை அப்படியே வீட்டில் சட்டமாக்கிவிட்டான். அங்கே அமர்ந்திருந்த நானும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரை.

அவன் படித்தது பொய்யா? இல்லை, பாதி உண்மை. பழங்கோயில்களில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசி மறைத்திருப்பதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? நம் உயிரணுவும் அந்தப் பழைய எழுத்தின்மேல் மெத்தில் என்னும் வேதிப்பூச்சைப் பூசி வாய்மூட வைத்திருக்கிறது. புற்றணுவில் இந்தப் பூச்சுப் பல இடங்களில் உதிர்ந்துபோகிறது. உதிர்ந்த இடத்தில் பழைய எழுத்து மீண்டும் வாசிக்கப்படுகிறது, ஆர்.என்.ஏ. உண்டாகிறது, சில வேளை புரதமும் உண்டாகிறது. விரைப் புற்றின் சில வகைகளிலும் மெலனோமா என்னும் தோற்புற்றிலும் வைரசு வடிவத் துகள்களையே ஆய்வாளர் கண்டிருக்கின்றனர்.

ஆனால் சிந்தியுங்கள்! சுண்ணாம்பு உதிர்ந்து எழுத்துத் தெரிந்தால், எழுத்துத்தான் சுவரை இடித்தது என்று சொல்லிவிடுவோமா? சில இடங்களில் அதற்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றில், இத்தகைய பழந்துண்டு ஒன்று அணுக்களின் பிழைப்புக்கு உதவும் மரபணுவைத் தூண்டிவிடுவதை 2010இல் கண்டறிந்தார்கள். எனினும், விழித்தெழுந்த ஒவ்வொரு துண்டும் குற்றவாளி என்பதற்குச் சான்றில்லை. பெரும்பாலும் அது குற்றம் நடந்த வீட்டின் சாட்சி.

அந்தச் சாட்சி பேசவும் செய்கிறது! மெத்தில் பூச்சை அகற்றும் மருந்துகளைக் கொடுத்தால், எழுந்துவரும் பழைய ஆர்.என்.ஏ.யை உயிரணு புதிய வைரசுத் தாக்குதலாக எண்ணி அபாயச் சங்கு ஊதுவதை 2015இல் விஞ்ஞானிகள் காட்டினர். 2023இல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தோர், நுரையீரல் புற்றில் இப்பழைய வைரசுப் புரதத்தை அடையாளம் கண்டு தாக்கும் எதிர்ப்பொருள்கள் நோயாளியின் உடலிலேயே உருவாவதையும், அவை சிகிச்சைக்குத் துணை நிற்பதையும் வெளியிட்டனர். பகையென்று நாம் நடுங்கியது, பகையைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாகிறது!

இன்னொன்றும் கேளுங்கள். தாயின் வயிற்றில் நஞ்சுக்கொடி உருவாகத் துணை செய்யும் சின்சிட்டின் என்னும் புரதம், ஒரு பழைய வைரசின் மரபணுவிலிருந்து வந்ததென்று 2000இல் வெளிப்பட்டது. அப்படியிருக்க, அதைக் குப்பை என்பதும் பேய் என்பதும் பொருந்துமா?

ஆகவே அந்த மகனிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: “தம்பி, அந்த எழுத்து அத்தையிடம் மட்டுமல்ல, உன்னிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அது உடல் விட்டு உடல் தாவுவதில்லை. தம்ளர் வழியே புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதும் இல்லை.”

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அஞ்சி ஒதுங்கவில்லை. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். அவரைப்போல் மருத்துவமனை கட்ட நம்மால் இயலாது போகலாம். படித்ததை முழுதாகப் படித்து, தாய்க்கும் பாட்டிக்கும் விளங்கும் தமிழில் சொல்ல இயலாதா? ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலத்தில் கற்று, வீட்டில் அச்சத்தைத் தமிழில் பரப்புவது மாணவருக்கு அழகல்ல.

அடுத்த ஞாயிறு அத்தை வீட்டுக்குப் போகிறேன். அவர் குடிக்கும் தம்ளரில் எனக்கும் காபி கேட்பேன்.