மூவாயிரத்தில் ஒரு பங்கு

"உங்க ஆம்ப் எத்தனை வாட்ஸ்?" ஆடியோ ஆசாமிகளின் முதல் கேள்வி. தப்பான கேள்வி. கெயின் எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

என் ஹார்ன் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 100 டெசிபல் தரும். குழந்தை தூங்கிய பிறகு எனக்கு வேண்டியது 65. அதற்கு ஒரு வாட்டில் மூவாயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் சிடி பிளேயர் அனுப்புவது 2 வோல்ட்; பவர் ஆம்ப் அதை 20 மடங்காக்கக் காத்திருக்கிறது. வால்யூம் குமிழை மயிரிழை திருப்பினால் வீடு அதிரும். இன்னும் குறைத்தால் இடது பாடும், வலது ஊமை. மலிவான குமிழ்கள் அடிமட்டத்தில் அப்படித்தான். கூடவே ப்ரீஆம்பின் இரைச்சலும் 20 மடங்கு.

இதற்கு மருந்தாகக் கடையில் தள்ளிவிடுவது இன்னும் பெரிய ஆம்ப். அநியாயம்! நெல்சன் பாஸ், ஃபர்ஸ்ட் வாட் எஃப்4 என்று வோல்டேஜ் கெயினே இல்லாத ஆம்ப் செய்தார். அதெல்லாம் கட்டுப்படியாகாது என்றால், பவர் ஆம்புக்கு முன்னால் சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர்: 9.1 கிலோ ஓம், 1 கிலோ ஓம். சிக்னல் பத்தில் ஒன்றாகும், ப்ரீஆம்பின் இரைச்சலும்தான். (பவர் ஆம்பின் சொந்த இரைச்சல் அப்படியே இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.)

சால்டர் பண்ணி முடித்த இரவு குமிழ் பத்து மணிப் பக்கம் நின்றது. பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் தம்பூரா கேட்டது, இரண்டு பக்கமும்.