பழைய காசுக்குப் பத்து ரூபாய் போதும்

'காசியில் பாதி கல்பாத்தி' என்பது பாலக்காட்டு வழக்கு. அந்தக் கல்பாத்தியின் வரலாறு காசிலேயே தொடங்குகிறது. இலட்சுமி அம்மாள் என்னும் அம்மையார் காசியிலிருந்து கொண்டுவந்த சிவலிங்கத்தோடு 1320 பொற்காசுகளையும் பாலக்காட்டு மன்னர் இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்தார் என்றும், அவற்றைக் கொண்டு 1425 ஆம் ஆண்டில் விசுவநாத சுவாமி கோயில் எழுந்தது என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. இன்று அதே அக்கிரகாரத் தெருக்களில் பழைய மரப்பெட்டிகளைத் திறந்தால் வெளிப்படுபவை பொற்காசுகள் அல்ல. ஓட்டைக் காலணா, அலுமினிய இரண்டு பைசா, தாமரை பொறித்த இருபது பைசா ஆகியவையே.

பிள்ளைகள் மும்பையிலும் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் குடியேறிவிட, வீட்டை ஒழித்துச் சிறிய குடியிருப்புக்கு மாறும் பெரியவர்களுக்கு இக்காசுகள் ஒரு கேள்வியாகின்றன. இவற்றுக்கு என்ன விலை கிடைக்கும்? இவற்றை வைத்திருப்பதா, விற்பதா? நம் கருத்து இது: வீட்டுத் திண்ணையில் ஒரு மேசையை இட்டு, விலைச்சீட்டு எழுதி வைத்து, ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் விற்றுவிடுவதே நல்லது. அதில் பெரிய வருமானம் இராது. ஆனால் அந்தச் சிறிய விலையே இக்காசுகளின் நேர்மையான விலை. அதை ஏற்றுக்கொள்ளும் குடும்பம் பெரியதொரு மோசடியிலிருந்தும் தப்பிக்கிறது.

ஒரு காசின் விலையைத் தீர்மானிப்பது அதன் வயது அன்று. அதன் அருமைப்பாடும் நிலையும் வேண்டுவோர் எண்ணிக்கையுமே. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணய முறை நடைமுறைக்கு வந்த பின்னர் வெளியான சிறு நாணயங்கள் கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டவை. நம் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருப்பது போலவே நாட்டின் இலட்சக்கணக்கான வீடுகளிலும் இருக்கின்றன. இருபது பைசாவில் பொன் கலந்திருப்பதாக நம்பி அதைப் பூசை அறையில் வைத்தவர்கள் பலர். உண்மையில் அது செம்பு கலந்த மஞ்சள் நிற உலோகம்தான்.

இந்த எளிய உண்மையை அறியாத இடத்தில்தான் ஏமாற்றுவோர் நுழைகின்றனர். வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள் 2012 இல் வெளியிடப்பட்டவை. அவற்றுக்குப் பல இலட்சம் தருவதாகக் கைப்பேசியில் செய்திகள் வருகின்றன. பதில் எழுதுவோரிடம் முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து வரி, அதன் பின்னர் தரகு என ஒவ்வொன்றாகப் பணம் கேட்கப்படுகிறது. சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டுகின்றனர். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காக எவ்விதக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும், எவருக்கும் அத்தகைய அதிகாரம் அளிக்கவில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று வெளியிட்ட அறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. தனியே வாழும் முதியவரின் ஓய்வூதியச் சேமிப்பு இத்தகைய ஓர் உரையாடலில் கரைந்துவிடக் கூடும். பத்து ரூபாய்க் காசு பத்து ரூபாய்தான் பெறும் என்று அறிந்தவரிடம் இந்தத் தூண்டில் பலிப்பதில்லை.

விற்கத் தொடங்குமுன் காசுகளை மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதற்குவியல், இன்றும் செல்லுபடியாகும் நாணயங்கள். 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாயின. 50 பைசா இன்றும் செல்லும். பத்து ரூபாய் நாணயம் பதினான்கு வடிவங்களில் வெளிவந்துள்ளது என்றும், அவை அனைத்தும் செல்லும் என்றும் 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கியது. இவற்றைத் திண்ணையில் வைக்க வேண்டியதில்லை. வங்கிக் கிளைக்குக் கொண்டுவந்து கணக்கில் செலுத்தலாம்.

இரண்டாவது குவியல், செல்லாத பைசாக்களும் அணாக் காலத்துச் சில்லறையும். திண்ணை விற்பனைக்கு உரியவை இவையே.

மூன்றாவது குவியல், வெள்ளி நாணயங்களும் நூறாண்டு கடந்தவையும். இவற்றை அவசரப்பட்டு விற்கலாகாது. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஒரு ரூபாய் 11.66 கிராம் எடையுடையது. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் வெள்ளி. 1940 முதல் 1945 வரை வெளிவந்த ரூபாயில் வெள்ளி பாதியே. 1947 ஆம் ஆண்டு ரூபாய் நிக்கலால் ஆனது. காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் வேறுபாடு தெரிந்துவிடும்: நிக்கல் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. வெள்ளிக் காசுக்கு அன்றைய வெள்ளி விலையையாவது கணக்கிட்டுக்கொண்டு, நம்பகமான நகைக்கடையிலும் நாணயக் கண்காட்சியிலும் காட்டி விலை கேட்பது முறை.

இங்கே சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். நூறாண்டுக்குக் குறையாத வயதுடைய நாணயம் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகும். அதை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஐந்தாம் ஜார்ஜ் உருவம் தாங்கிய வெள்ளி ரூபாய் 1922க்குப் பின்னர் புழக்கத்துக்கு வெளிவரவில்லை. எனவே அவையெல்லாம் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு நினைவாக ஏதேனும் கொடுத்தனுப்ப விரும்புவோர் தாமரைக் காசைக் கொடுக்கலாம். விக்டோரியா ரூபாயைக் கொடுக்கலாகாது.

இனி விற்பனை முறைக்கு வருவோம். வெண்கலப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குவது போலக் காசைத் துலக்கக் கூடாது. பளபளப்பு வரும், சேகரிப்போர் விரும்பும் இயல்பான நிறம் போய்விடும். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ஒற்றைக் காசாக வைப்பதினும் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, பத்து, இருபது, இருபத்தைந்து பைசா என ஏழையும் ஓர் உறையிலிட்டுத் தொகுப்பாக வைத்தால் மாணவர்கள் விரும்பி வாங்குவர். ஆண்டின் கீழே உள்ள குறியையும் சீட்டில் எழுதலாம்: வைரக் குறி மும்பை, விண்மீன் ஐதராபாத், வட்டப் புள்ளி நொய்டா; குறியே இல்லையெனில் கொல்கத்தா. பத்து ரூபாய் கொடுக்கும் சிறுவன் காசோடு ஒரு பாடத்தையும் எடுத்துச் செல்கிறான்.

அந்தப் பாடம் நம் ஊருக்கே உரியதாகவும் அமையலாம். பாலக்காடு 1956 வரை மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னையிலிருந்து ஆளப்பட்டது. ஆகவே இங்குள்ள பெட்டிகளில் அணாவும் காலணாவும் மிகுதி. இன்றைய இடுக்கிப் பகுதியோ திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. அங்கே பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்று கணக்கு வேறாக இருந்தது. ஒரே மாநிலத்தின் இரு மலைப்பகுதிகள் இரு வேறு கணக்கில் வாழ்ந்தன என்பதை ஒரு செப்புச் சக்கரத்தையும் ஓர் ஓட்டைக் காலணாவையும் அருகருகே வைத்தே விளக்கிவிடலாம்.

பணம் பெறுவதிலும் எச்சரிக்கை தேவை. சிறு தொகைக்கு ரொக்கமே எளிது. கைப்பேசி வழியாக யாரேனும் செலுத்தினால், பணம் பெறுவதற்கு நாம் இரகசிய எண்ணை இடவேண்டிய தேவையே இல்லை. இரகசிய எண்ணைக் கேட்கும் எந்தத் திரையும் நம் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கான திரையே.

'அருமையான காசு ஒன்று அறியாமல் பத்து ரூபாய்க்குப் போய்விட்டால்?' என்று சிலர் அஞ்சுவர். நியாயமான அச்சமே. 1939 ஆம் ஆண்டு ரூபாயைப் போல மெய்யாகவே அரிதானவை சில உண்டு. அவற்றுக்குப் போலிகளும் உண்டு. அதனால்தான் மூன்றாவது குவியலைத் தனியே எடுத்து வைக்கச் சொல்கிறோம். ஐயமுள்ள காசை விவரம் அறிந்த இருவரிடமாவது காட்டுங்கள். ஆனால் விற்பவரே முன்பணம் கட்ட வேண்டும் என்று எவர் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். காசை வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். இந்த விதிக்கு விலக்குக் கிடையாது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணில் புகார் செய்து, தம் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதமின்றிச் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடும்.

ஐப்பசித் தேருக்குக் கல்பாத்தி மக்கள் எங்கிருந்தாலும் ஊர் திரும்புகின்றனர். பெட்டியைத் திறக்க அதுவே தக்க சமயம். பேரப்பிள்ளைகள் தமக்குப் பிடித்த காசுகளை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். எஞ்சியவற்றுக்கு அவர்களே சீட்டு எழுதி, திண்ணையில் அமர்ந்து விற்கட்டும். தாத்தாவும் பாட்டியும் அருகிலிருந்து, காலணாவுக்கு அந்நாளில் என்ன வாங்கினோம் என்று சொல்லிக்கொண்டிருக்கட்டும்.