வெள்ளைக் குட்டி, நீலக் கண்... அவசரப்பட்டால் அம்போ! சயாம் பூனைக்கு எட்டு வாரக் கெடு

வேளச்சேரி, சென்னை:

"என்னங்க, சீக்கிரம் உள்ளே வாங்க. பீரோவுக்குக் கீழே நாலு போட்டிருக்கு!"

பறக்கும் ரயிலில் இறங்கி வியர்க்க விறுவிறுக்க வீடு திரும்பும் குமாஸ்தா ஒருவரை, வேளச்சேரி ராம் நகரில் மனைவி இப்படி வரவேற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மாதம் ஐப்பசி. மனிதர் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

தாய் சயாம் பூனை. காது, மூக்கு, வால், கால் நாலும் கரி பூசினாற்போல் இருக்கும். குட்டிகளோ நாலும் பால் வெள்ளை!

"என்ன இது, வெள்ளை வெளேர்னு இருக்கு? தகப்பன் தெருப் பூனையா இருக்குமோ?"

சந்தேகமே வேண்டாம். அசல் சயாம் குட்டி வெள்ளையாகத்தான் பிறக்கும். பிறந்த அன்றே கோடும் கருப்புமாக இருந்தால்தான் தகப்பன் பெரும்பாலும் தெருப் பூனை!

ஆனால் இந்த வெள்ளையில்தான் வில்லங்கமும் இருக்கிறது.

கருப்பு வருவது எப்படி?

சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. அந்த நாட்டுப் பூனை இது. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலசில் நடந்த பூனைக் கண்காட்சியிலேயே சயாம் பூனை தலை காட்டியது. 1884-ல் பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி கோல்டு ஒரு ஜோடியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு உலகமெங்கும் பரவி, இன்று சென்னை வீடுகளிலும் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

இதன் உடம்பில் கருப்பு நிறத்தை உண்டாக்கும் சரக்கு, சூடு பட்டால் வேலை செய்யாது. குளிர்ச்சியான இடத்தில்தான் வேலை செய்யும். தாயின் வயிறு கதகதப்பு. அதனால் குட்டி வெள்ளை. வெளியே வந்ததும் உடம்பில் சூடு குறைந்த காது நுனி, மூக்கு, வால், பாதம் ஆகியவை மட்டும் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கறுக்கும். முழு நிறம் வர மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்தது கண். சயாம் பூனைக்கு ஆயுள் முழுக்க நீலக் கண்தான். ஆனால் நம்ம ஊர் நாட்டுப் பூனையின் குட்டிக்கும் ஆரம்பத்தில் கண் நீலமாகத்தான் இருக்கும். ஆறு, ஏழு வாரத்துக்கு மேல்தான் அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறத் தொடங்கும்.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நாலு வார வெள்ளை நாட்டுக் குட்டியையும், நாலு வார சயாம் குட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழக்கம் இல்லாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்!

"கருப்பு அப்புறமா வரும் சார்"

மோசடி ஆசாமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "கருப்பு போகப் போக வரும் சார், கண்ணைப் பாருங்க, நீலம்!" என்று சொல்லியே சில ஆயிரங்களைக் கறந்துவிட முடியும். வாங்கியவர் கருப்பு வரும், வரும் என்று காத்திருப்பார். வருவது மஞ்சள் கண்தான்!

நாட்டுப் பூனை எந்த விதத்திலும் மட்டம் இல்லை. இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் தோது. ஆனால் சயாம் விலை கொடுத்து அதை வாங்கினால் அது ஏமாற்றுதானே?

எட்டு வாரம் ஆகிவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அசல் குட்டிக்குக் காதும் வாலும் கறுத்திருக்கும், கண்ணில் நீலம் மாறியிருக்காது. தாயையும் பார்த்துவிட்டு வாங்கினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

போட்டோவை மட்டும் போனில் அனுப்பி, "அட்வான்ஸ் போடுங்க, நாளைக்கு வீட்டுக்கே வரும்" என்று சொன்னால் கதவைச் சாத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும்.

தாய்க்கும் அதே கெடு

சரி, ராம் நகர் வீட்டுக்குத் திரும்புவோம். மூன்றாவது வாரத்திலேயே எதிர்வீட்டு அம்மாள் வந்துவிடுகிறார். "ஐயோ, என்ன அழகு! அக்கா, அந்தச் சின்னதை எனக்குக் குடுத்துடுங்க. நாளைக்கே தூக்கிட்டுப் போறேன்."

கொடுக்கலாமா? கூடவே கூடாது!

பிறந்த பூனைக்குட்டியின் எடை சுமார் 100 கிராம்தான். தினமும் 10 கிராமாவது ஏற வேண்டும். தெருமுனை அண்ணாச்சி கடையில் உள்ளது போன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் போதும். இரண்டு நாள் எடை ஏறாமல் நின்றால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

முதல் மூன்று வாரம் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய் நக்கிக் கொடுக்காவிட்டால் சிறுநீர்கூடப் போகாது. மின்விசிறிக்கு நேரே பெட்டியை வைத்தால் ஆபத்து. எறும்பு மொய்த்தாலும் ஆபத்து. பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நம்ம பாட்டிமார் பலகாரத்துக்குச் செய்த அதே யுக்தி.

நாலு வாரத்துக்கு மேல்தான் மெல்லத் தின்னப் பழகும். எட்டு வாரத்தில்தான் பால் மறக்கும். கடிக்காமல், பிறாண்டாமல் விளையாடவும், மணல் தட்டில் ஒழுங்காகப் போகவும் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் கற்றுக்கொள்வது இந்த நாட்களில்தான். பன்னிரண்டு வாரம் தாயோடு விட்டால் இன்னும் நல்லது.

பசும்பால் வேண்டாம்

"பூனைன்னா பால்தானே?" என்று கேட்பவர்கள் அதிகம். அங்கேதான் தப்பு. பசும்பால் பல பூனைகளுக்குச் செரிக்காது. குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டு ஒரே நாளில் துவண்டு விழும். தாய்க்குப் பால் இல்லையென்றால் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர்தான் தர வேண்டும்.

தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்ப்பதும் ஆகாது. மீன், கோழி போன்ற மாமிசத்தில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனையின் இதயம் வீங்கிக் கெட்டுவிடும் என்பதை 1987-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கண் பார்வையும் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. குட்டிக்கு உடம்பு சுடுகிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம்!

மூன்றாவது காரணம்: ஊசி

பூனைக் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்ப்பது ஒரு வைரஸ் நோய். நாய்க்கு வரும் பார்வோ போல. வாந்தி, பேதி, சோர்வு என்று தொடங்கி இரண்டொரு நாளில் ஆளை முடித்துவிடும். செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட வீட்டுக்குள் வரும். குட்டி செத்த இடத்தில் மாதக்கணக்கில் தங்கியிருந்து அடுத்த குட்டியையும் பிடிக்கும்.

இதற்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. வெறிநோய் ஊசி பன்னிரண்டாவது வாரத்தில். ஐந்து வாரக் குட்டியைக் கைமாற்றினால், ஊசி போடாத குட்டியைத்தான் அடுத்தவர் தலையில் கட்டுகிறோம் என்று அர்த்தம்!

ஆக, எட்டு வாரம் என்ற ஒரே கெடு மோசடியைத் தடுக்கிறது, குட்டியின் உயிரைக் காக்கிறது, வாங்குபவர் பணத்தையும் காப்பாற்றுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாய்க்கு இந்தக் கெடு சட்டத்திலேயே இருக்கிறது. நாய் வளர்ப்பு, விற்பனை குறித்து 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக் கூடாது. ஆனால் வீட்டில் பூனை வளர்த்து விற்பவர்களுக்கென்று அப்படி ஒரு தனி விதி வரவில்லை. கடைகளுக்கு 2018-ம் ஆண்டு விதிகள் உண்டு. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. பீரோவுக்குக் கீழே பிறந்து போன் வழியாகக் கைமாறும் குட்டிக்கு? கேட்க நாதி இல்லை!

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025 கடைசியில் அறிவித்தது. முகாம்களில் கூட்டம் அலைமோதியது. அதே சமயம், விலை போகாத குட்டியைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தால்? மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அதுவும் குற்றம்தான். ஆனால் அந்தச் சட்டம் வந்தது 1960-ல். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை! இன்று அது ஓட்டலில் இரண்டு பேர் காபி குடிக்கக் காணாது.

ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. வீட்டுக்காரர்தான் முடிவு எடுக்க வேண்டும்.

அடுத்த பிரசவம் வேண்டுமா?

சயாம் பூனை சீக்கிரமே பருவத்துக்கு வரும். ஐந்து மாதத்திலேயே சினை பிடிக்கலாம். சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடும். நாலு குட்டியை வைத்துக்கொண்டு விழி பிதுங்கும் வீட்டில் அடுத்த நாலு!

வழி ஒன்றுதான். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன். கிண்டி வேளச்சேரி சாலையில் 1959-ல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் இருக்கிறது. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தி.நகர் பக்கம் கண்ணம்மாபேட்டையில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையம் இருக்கிறது. வேளச்சேரிக்காரர் எங்கே கேட்பது என்று திண்டாட வேண்டியதில்லை.

மேம்பாலத்தில் கார்... பூனை?

கடைசியாக, வேளச்சேரிக்கே உரிய பிரச்சனை. மழைத் தண்ணீர்!

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்து வீடுகளில் தண்ணீர் புகுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே ஜனங்கள் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை ஊரே பார்த்தது.

காரை மேம்பாலத்தில் ஏற்றியாகிவிட்டது. பீரோவுக்குக் கீழே இருப்பதை?

ஐப்பசியில் பிறந்த குட்டி, டிசம்பர் மழையில் தாயை விட்டுப் பிரியாத பருவத்தில் இருக்கும். தண்ணீர் ஏறும்போது தாய்ப் பூனை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இருட்டில் எங்காவது நுழைந்துவிட்டால் தேடிப் பிடிக்க முடியாது. மூடியுள்ள கூடை ஒன்று, நாலு நாள் தீனி, கொஞ்சம் மணல். இவற்றை இப்போதே தயாராக வைத்து, மாடி வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது புத்திசாலித்தனம்.

ராம் நகர் வீட்டில் எதிர்வீட்டு அம்மாள் பதிலுக்காக நிற்கிறார்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. அது உங்களுக்குத்தான். ஆனா இப்ப இல்ல. பொங்கல் கழிச்சு வாங்க. காது கறுத்திருக்கும், ஊசி அட்டையும் சேர்த்துக் குடுக்கறேன்."

பூனை வளர்க்கும் ஒவ்வொரு வீடும் இதே பதிலைச் சொன்னால், வெள்ளைக் குட்டியைக் காட்டி ஏமாற்றும் ஆசாமிக்கு இந்த ஊரில் வேலை இருக்காது!