அற்றாரியை வாங்குவதா, விடுவதா?

பழைய அற்றாரி 2600 ஒன்று கொழும்பில் விலைக்கு வந்திருக்கிறது. ஐம்பத்தேழு வயதில் இது தேவைதானா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

1977இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுக் கருவி அது. தற்காலிக நினைவகம் வெறும் 128 பைற். இப்போது விலைக்கு வந்திருப்பதும் அமெரிக்காவில் விற்கப்பட்டதே. 120 வோல்ற்றுக்கான அதன் மின்மாற்றியை நமது 230 வோல்ற் மின்சாரத்தில் நேரே செருகினால் கருகிவிடும். படம் என்.ரி.எஸ்.சி. முறையிலானது, அதுவும் அன்ரனா துவாரத்தின் வழியாகவே தொலைக்காட்சிக்குள் போகும். ஆகவே பொருத்தமான பழைய தொலைக்காட்சி ஒன்றையும் தேடி அலைய வேண்டும்.

2023இல் அதே தோற்றத்தில் வெளியான 2600+ பழைய காட்ரிஜ்களை ஏற்கிறது. இன்றைய திரையுடனும் இணைகிறது. விளையாட விரும்புபவர் அதையே வாங்கட்டும்.

எனக்கோ விளையாட்டு மட்டும் காரணமன்று. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில், மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த அற்றாரியில், அண்ணனும் நானும் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாடியிருக்கிறோம். 1983 ஜூலையில் அந்த வீடு எரிக்கப்பட்டது. அகதிகளாகக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியபோது அண்ணனின் பையில் எப்படியோ ஒரு ஜோய்ஸ்ரிக் கிடந்தது. அது இன்றும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

யாரோ ஒருவரின் பழைய பெட்டி எங்கள் பெட்டியாகிவிடாது. எஞ்சிய அந்த ஜோய்ஸ்ரிக்கோ 2600+இலும் பொருந்தும். விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிசம்பரில் அண்ணன் கனடாவிலிருந்து வருகிறார். புதியதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.