தெருவே ஒரு செல்வம்!

இங்கிலாந்தில் ஸ்டாம்போர்டு என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. வசந்த காலத்தில் வெல்லண்டு ஆற்றங்கரைப் புல்வெளியில் மக்கள் குடும்பம் குடும்பமாக உலாவுவார்கள். பிறகு ஊருக்குள் நடப்பார்கள். தெருவெங்கும் பழைய சுண்ணாம்புக்கல் வீடுகள்!

அவை வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. உள்ளே மக்கள் வாழ்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் தெருவில் சந்தை கூடுகிறது.

இந்த அழகு தானாக நிலைக்கவில்லை. 1967-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. தனிக் கட்டிடத்தை மட்டும் அல்ல, ஒரு பகுதி முழுவதையும் காக்க அது வழி செய்தது. இங்கிலாந்தில் அப்படிக் காக்கப்பட்ட முதல் பகுதி ஸ்டாம்போர்டில்தான்.

அதுவே சரியான முறை. ஒரு மாளிகையைக் காத்து, பக்கத்து வீடுகளை இடித்தால் என்ன பயன்? அனுமதி இல்லாமல் இடிக்க முடியாதது வீட்டுக்காரருக்குத் தொல்லைதான். ஆனால், இடித்த தெருவை எத்தனை பணம் கொடுத்தாலும் மீட்க முடியாதே!