கட்டடக் கலை பயில விழையும் நம் பிள்ளைகள்

பத்தாம் வகுப்புத் தேறியபின் எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்னும் கேள்வி, இராயகிரியிலும் சுற்றூர்களிலும் வாழும் நம் அங்கத்தினர் இல்லங்களில் ஆண்டுதோறும் எழுவதே. கட்டடக் கலைப் பட்டம் பெற எண்ணும் பிள்ளைக்கு அந்நாளே முக்கியமான நாள். மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் இல்லாத பிரிவை எடுத்துவிட்டால் அப்படிப்பின் வாயில் அடைபட்டுப் போகும். (கணிதத்துடன் மூன்றாண்டுப் பட்டயம் பெற்றோர்க்கு மட்டும் தனி வழியுண்டு.) இரண்டாண்டு கழித்து இதனை அறிந்து வருந்தி என்ன பயன்?

நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் பேசவேண்டுமே என்று சிலர் அஞ்சுகின்றனர். நம் மாநிலக் கலந்தாய்வில் நேர்முகத் தேர்வே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 200, திறனறித் தேர்வுக்கு 200, ஆக 400-க்குத் தரவரிசை வகுக்கின்றனர். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டடக்கலைக் குழு, ‘நாட்டா’ என்னும் அத்திறனறித் தேர்வை 2006 முதல் நடத்தி வருகிறது. 2024-இல் அதன் 200 மதிப்பெண்ணில் 80, கையால் வரைவதற்கும் பொருள்களைக் கொண்டு உருவம் அமைப்பதற்கும் உரியதாயிருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நேர்முகம் உண்டு. அங்கும் மாணவர் தாம் வரைந்த படங்களைக் காட்டியே பேசவேண்டும்.

எனவே வேண்டுவது பழகிய கையும் கூர்ந்த கண்ணும். கரைக்கும் உடலுக்கும் இழைகளை எண்ணிப் பாவு அமைக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அளவும் பொருத்தமும் புதியனவல்ல. எந்த வயலுக்கு எப்பக்கம் நீர் பாயும் என்று உழவர் வீட்டுச் சிறுமி அறிவாள். நிலத்தின் சரிவை அறிவதும் இக்கலையில் ஒரு பாடமே. ஆயினும் அறிந்ததைத் தாளில் காட்டப் பழகவேண்டும். தறிக்குழியில் அமர்ந்திருப்பவரை, சன்னலின் ஒளி விழும் வண்ணம் வரையட்டும். சங்கரன்கோவிலின் ஒன்பது நிலைக் கோபுரம் மேலே செல்லச் செல்ல எவ்வாறு ஒடுங்குகிறது என்று நின்று நோக்கட்டும். நாள்தோறும் அரைமணி, இரண்டாண்டு! இதற்குப் பெருந்தொகை கடன்பட்டுப் பயிற்சி நிலையம் தேடவேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

தாளுக்கும் பென்சிலுக்கும் ஆகும் சிறு செலவைச் சங்கம் ஏற்கலாம். ஞாயிறு காலையில் சங்கக் கட்டடத்தில் பிள்ளைகள் கூடி வரைய இடமளிக்கலாம். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் எவரேனும் முன்வந்தால் இன்னும் நன்று. பத்தாம் வகுப்பு முடிவு வெளிவரும் முன்னரே பெற்றோரை அழைத்துப் பாடப்பிரிவு பற்றிக் கூறவேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.