பழைய பெட்டிக்குப் புதிய சட்டை

கடற்கரை ஊர்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு. புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பளப் பாத்திகளில் நீரை வற்றச் செய்து உப்பை விளைவிக்கின்ற அதே வெயிலும் காற்றும்தான் நம் வீட்டுக் கதவின் கீலைத் தின்கின்றன. சைக்கிளின் சங்கிலியைத் தின்கின்றன. வானொலிப் பெட்டியின் திருகாணிகளையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே இக்கரையில் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து ஒரு மின்சாரப் பெட்டி உயிரோடு இருக்கிறது என்றால், அதை யாரோ அக்கறையோடு துடைத்தும் மூடியும் காத்து வந்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பெட்டியை முன்னிட்டுச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மாதம் சிலாபத்துக்குத் தெற்கே, கடலை அடுத்த சிற்றூர் ஒன்றில் நண்பரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகன் கிட்டார் வாசிக்கும் இளைஞர். விறாந்தையில் பழைய கிட்டார் அம்பிளிபயர் ஒன்றை வைத்துக்கொண்டு, கையில் கத்தியோடு அதன் முன் உட்கார்ந்திருந்தார். அவருடைய பாட்டனார் 1970களில் கலியாண வீடுகளிலும் கோயில் திருநாள்களிலும் வாசித்த இசைக்குழுவின் பெட்டி அது. நான்கு வால்வுகள் எரிய, இன்றும் இனிமையாக ஒலிக்கிறது. ஆனால் மேலே போர்த்திய கறுப்பு றெக்சின் உரிந்து தொங்குகிறது. மூலைத் தகடுகள் துருவேறிப் பொடிகின்றன. ஸ்பீக்கரை மறைக்கும் துணி நார் நாராகக் கிழிந்திருக்கிறது.

“மாமா, இதை முழுக்க உரித்துவிட்டு, பழைய அமெரிக்கப் பெட்டிகளைப் போல மஞ்சள் துணி ஒட்டப் போகிறேன். அசல் தோற்றம் வந்துவிடும்” என்றார் அவர். அசல் என்ற அந்த ஒரு சொல் வீடு திரும்பிய பின்பும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

பழைய பெட்டிக்குப் புது உடை உடுத்த நினைப்பது குற்றமன்று. அவற்றைச் செய்து விற்றவர்களே உடையை ஓயாமல் மாற்றியவர்கள்தாம். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1950களில் தம் பெட்டிகளுக்கு ஒட்டிய ‘ட்வீட்’ என்னும் மஞ்சட் கோட்டுத் துணி, அந்நாளில் பயணப் பெட்டிகளுக்கு ஒட்டிய துணியே. 1960 அளவில் அவர் பழுப்பு நிறச் செயற்கைத்தோலுக்கு மாறினார். 1963இல் பெட்டி கறுப்பாயிற்று. 1967இல் முகப்புத் தகடு வெள்ளி நிறம் பெற்றது. இங்கிலாந்தின் வொக்ஸ் நிறுவனம் வைரக் கட்டம் போட்ட துணியைத் தன் அடையாளமாக்கியது. லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் ‘பாஸ்மேன்’ பெட்டியின் மின்சுற்றைப் பின்பற்றித் தம் முதற் பெட்டியைச் செய்து, அதற்கு வேறோர் உடை அணிவித்தார். விலையும், நீடித்த உழைப்பும், காலத்தின் நாகரிகமும் பார்த்துத் தேர்ந்த உடைகளே இவை யாவும். இவற்றை வேதவாக்காகப் போற்ற வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

ஆயினும் நம் கரைக்கு வந்த பெட்டிகளுக்குத் தனிக்கதை ஒன்று உண்டு. புத்தளம் நகரை அடுத்த சிரம்பியடியில் வாழும் காப்பிரி மக்களின் ‘மஞ்சா’ இசை, சிரட்டையும் கரண்டியும் போத்தலும் கொண்டே தாளம் பிறப்பிப்பது. போர்த்துக்கேயர் காலத்து வேர்களையுடைய பைலாவை, பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் போன்றோர் 1940களில் நாடெங்கும் அறியச் செய்தனர். 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவினரும் சிங்களப் பாடலுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்தனர். அடுத்த பத்தாண்டில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப் இசையை வளர்த்தனர். அக்காலத்தில் கரையோர ஊர் தோறும் ஓர் இசைக்குழு முளைத்தது எனலாம்.

இசைக்குழுவுக்கு அம்பிளிபயர் வேண்டும். அதுவோ எளிதில் கிட்டுவதாயில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலம் அது. என் நண்பரின் தந்தையார் கொழும்பில் யாரிடமோ பழைய இங்கிலாந்துப் பெட்டி ஒன்றின் உட்பகுதியை மட்டும் வாங்கி வந்தார். வால்வும் டிரான்ஸ்போமரும் இருந்தன, வெளிக்கூடு இல்லை. கூட்டை உள்ளூர்த் தச்சர் பலாப்பலகையால் செய்து கொடுத்தார். இதை நண்பர் சொல்லக் கேட்ட பிறகு, நானும் அந்த இளைஞரும் உரிந்து தொங்கிய றெக்சினின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தோம். கீழே கருநீல வர்ணம். அதன்மேல் வெள்ளையில், விளம்பரப் பலகை எழுதும் கை ஒன்று வளைத்து வளைத்து எழுதிய தமிழ் எழுத்துகள்! குழுவின் பெயர் அது. பிற்காலத்தில் அதை மூடிக் கறுப்பு றெக்சின் ஒட்டி, மேலே அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள்: இந்தப் பெட்டியின் அசல் எது? அமெரிக்கத் துணியை இது எக்காலத்திலும் அணிந்ததில்லை. இதன் உட்பகுதியோ அமெரிக்காவைக் கண்டதேயில்லை. மஞ்சள் துணி ஒட்டினால் வருவது மாறுவேடமேயன்றி அசல் ஆகாது. இதன் அசல் என்று ஒன்று இருக்குமாயின் அது பலாப்பலகையும், கருநீல வர்ணமும், பெயர் அறியாத ஓவியரின் அந்த எழுத்துகளுமே.

அந்த எழுத்துகளில் நான் கண்டது வெறும் அழகை மட்டுமன்று. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையிலுள்ள கரையோரத்தில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டிருந்த குடும்பங்கள் பல, சென்ற நூற்றாண்டில் பள்ளிப் படிப்பின் வழியே சிங்களத்துக்கு மாறின. பாட்டி தமிழிற் செபிக்க, பேரன் சிங்களத்தில் மறுமொழி கூறும் வீடுகளை நான் அறிவேன். நண்பரின் மகனுக்குத் தமிழ் பேசத் தெரியும். அந்தப் பெயரை வாசிக்கத் தெரியவில்லை. நானே வாசித்துச் சொன்னேன். தம் பாட்டனார் தம் குழுவுக்குத் தமிழிற் பெயரிட்டு, அதைத் தமிழில் எழுதி, அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார் என்பதை அந்த இளைஞர் அன்றுதான் அறிந்தார். கத்தி சிறிது ஆழமாக இறங்கியிருந்தால் அந்தச் சாட்சியம் உரிந்த றெக்சினோடு குப்பைக்குப் போயிருக்கும்.

‘அப்படியானால் பெட்டியைத் தொடாமல் கண்ணாடிக் கூட்டில் வைக்கச் சொல்கிறீரா?’ என்று வாசகர் கேட்கலாம். இல்லை. பழம்பொருள் சேகரிப்போர் சிலர், ஒரு திருகாணியை மாற்றினாலும் மதிப்புக் குன்றிவிடும் என்பார்கள். அது விற்பனைச் சந்தையின் கவலை. உடப்புக் கரையில் நிற்கும் வள்ளங்களைப் பாருங்கள். அடிப்பலகை மாறுகிறது, வர்ணம் மாறுகிறது. வள்ளம் மட்டும் தன் அசலை இழந்ததாக எவரும் சொல்வதில்லை. கடலுக்குப் போகும்வரைதான் அது வள்ளம். பாட்டுக்கு உதவும்வரைதான் இது அம்பிளிபயர்.

இன்னொரு மயக்கமும் உண்டு. புதியதைப் பழையதாகக் காட்டும் மயக்கம். 1995இல் ஃபெண்டர் நிறுவனமே புதிய கிட்டார்களைச் சுரண்டித் தேய்த்துப் பழையன போலாக்கிக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியது. நம் கரையிலோ உப்புக்காற்று அந்த வேலையைக் கூலியின்றிச் செய்து தருகிறது! இங்கே உண்மையான முதுமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதை உரித்தெறிந்துவிட்டுப் பொய்யான முதுமையைப் பூசுவது என்ன நியாயம்?

என் கருத்தை ஒரு விதியாகச் சுருக்கிச் சொல்வேன்: திருகாணியைக் கழற்றி மாற்றக்கூடியதைத் தாராளமாக மாற்றுங்கள்; கத்தியால் அறுத்தே மாற்ற வேண்டியதைப் பத்து முறை யோசியுங்கள். முன்துணி ஒட்டிய பலகை, கைபிடி, குமிழ்கள், மூலைத் தகடுகள் ஆகியவை முதல் வகை. கழற்றிய பழையதை ஒரு பையில் இட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம். மஞ்சள் துணியில் ஆசை மிகுந்தால், தச்சரிடம் புதுக் கூடு ஒன்று செய்வித்து, உட்பகுதியை அதற்குள் மாற்றிவிட்டுப் பழைய கூட்டைப் பத்திரமாக வைக்கலாம். இதனால் ஆசையும் நிறைவேறும்; சாட்சியமும் அழியாது.

வேலையில் இறங்குவோர் சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் வால்வுப் பெட்டியின் மின்தேக்கிகளில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கக் கூடும். உயிரைக் குடிக்க அது போதும். ஆகவே உட்பகுதியைத் தொழில் தெரிந்தவரே வெளியே எடுக்க வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அதைத் தேய்த்துத் தூசி கிளப்புதல் ஆகாது. முன்துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள்; மூச்சுத் தடையின்றிப் புகாத துணி ஒலியையும் மந்தமாக்கும். பின்புறத் திறப்பை அழகுக்காக அடைக்காதீர்கள். வால்வின் சூடு வெளியேற வேண்டும். மேற்பலகையின் உட்புறத்தில் உலோகத் தாள் ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காதீர்கள். இரைச்சலைத் தடுக்கும் கவசம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பு ஊறிய பலகையின்மேல் புதுத்தோலை ஒட்டிவிடாதீர்கள். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் நாட்கணக்காக உலர்த்திய பின்பே பசையைத் தொட வேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும். மூடிய தோலுக்குள் அது மரத்தைத் தின்னும். துருவேறாத எஃகுத் திருகாணியோ பித்தளைத் திருகாணியோ இக்கரைக்கு ஏற்றது.

நம் வீடுகளின் பரணிலும் கோயில் களஞ்சியத்திலும் இத்தகைய பெட்டிகள் இன்னும் சில கிடக்கக் கூடும். அவற்றின் மேல் கத்தி வைக்குமுன் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள், படம் பிடித்துக்கொள்ளுங்கள், அவற்றோடு வாசித்த முதியவர் இருக்கும்போதே, யார் செய்தார், யார் எழுதினார் என்று கேட்டு வையுங்கள்.

நண்பரின் மகன் கத்தியை உறையில் இட்டுவிட்டார். முன்துணியை மட்டும் மாற்றியிருப்பதாகவும், பக்கப் பலகையில் தமிழ் எழுத்துகள் தெரியும் அளவுக்கு றெக்சினைத் தம் கையாலேயே மெல்ல மெல்ல விலக்கி வருவதாகவும் தொலைபேசியிற் சொன்னார். இதுவரை மூன்று எழுத்துகள் வெளிப்பட்டிருக்கின்றனவாம். அம்மூன்றையும் தாமே எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார்.